சின்ன மிஷின்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்தப் பெயரை வைத்தது நான்தான். வேறு யாராவது வைத்ததாக எங்கள் ஆபீஸில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இருபத்தாறு வருஷமாக உத்தியோகம் பார்க்கிறேன். வேலையில் பெயர் எடுத்தேனோ இல்லையோ, பெயர் வைப்பதில் எடுத்திருக்கிறேன்.

எங்கள் ஆபீஸ் திருச்சி தில்லைநகரில், ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல் மாடியில் இருக்கிறது. அடையாள அட்டைத் திருத்த மையம். அப்பா பெயர் தப்பு, பிறந்த தேதி தப்பு, ஆணைப் பெண் என்று போட்டுவிட்டார்கள், உயிரோடு இருப்பவரை இறந்தவர் என்று எழுதிவிட்டார்கள் என்று வரும் மனுக்களைச் சரிபார்த்துத் திருத்துவது எங்கள் வேலை. பார்க்கச் சர்க்கார் ஆபீஸ் மாதிரி இருக்கும், ஆனால் ஒப்பந்தம் எடுத்த கம்பெனி. பதினான்கு பேர், ஒரு மேனேஜர், ஒரு மிஷின்.

ஒரு மாவட்டத்து மக்களின் விவரம் அந்த மாவட்டத்தைத் தாண்டிப் போகக் கூடாது என்று சட்டம் வந்த வருஷம், ஒவ்வொரு ஆபீஸிலும் பீரோ உயரத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் பெட்டியைக் கொண்டுவந்து இறக்கினார்கள். மனுவை முதலில் படித்துச் சரி, தள்ளுபடி என்று பிரிப்பது அதுதான். அது யோசிக்க யோசிக்கச் சூடாகும். சூட்டைத் தணிக்க அடியில் ஒரு தண்ணீர் பம்பு, முதுகில் எட்டு விசிறி. தனி அறையில் வைக்க வேண்டிய சாமான். எங்கள் மாடியில் தனி அறை என்று ஒன்றுதான் உண்டு, அது மேனேஜர் கிருபாகரனுடையது. அவர் நகர மனசில்லாமல் ஹாலின் நட்டநடுவில் அதை நிறுத்தினார்.

காலை ஒன்பதரைக்குப் போய் உட்கார்ந்தால் சாயங்காலம் ஐந்தரை வரை ‘ங்ங்ங்’ என்று ஒரே ஸ்தாயியில் ஒரு இரைச்சல். காதுக்குள் வண்டு புகுந்துகொண்ட மாதிரி. காதோடு நின்றாலாவது பரவாயில்லை, பல்லில் தெரியும், மேஜையில் கை வைத்தால் கையில் தெரியும். வீட்டுக்குப் போய்ச் சோறு போடும்போதும் அது தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கும். என் வீட்டுக்காரர் ஏதாவது கேட்டால் நான் கத்துவேன். அவர் பாவம், ஏன் கத்துகிறாய் என்றுகூடக் கேட்பதை நிறுத்திவிட்டார். எனக்கு அடுத்த வரிசையில் இருக்கும் பர்வீன் கர்ப்பமாக இருந்தாள், அவளுக்கு ஐந்தாம் மாதத்திலேயே ரத்த அழுத்தம் ஏறிவிட்டது. இந்தச் சத்தத்தில் உட்காராதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேறு எங்கே உட்காருவாள்? மணிக்கு ஒரு தரம் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு வருவாள்.

பதினோரு மனு கொடுத்தோம். முதல் மனுவுக்குப் பஞ்சு வந்தது. ஐந்தாவது மனுவுக்குச் சுவரில் ஒட்ட ஸ்பாஞ்ச் அட்டை வந்தது. எட்டாவது மனுவுக்கு ஒரு யோகா மாஸ்டர் வந்து, சத்தம் வெளியே இல்லை, மனசுக்குள்தான் இருக்கிறது என்று ஒன்றரை மணி நேரம் பேசினார். அவர் பேசியது அந்த இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை.

இந்தக் கூத்துக்கு நடுவில்தான் ஞானப்பிரகாசம் சார் திரும்பி வந்தார். பதினோரு வருஷமாக எனக்குப் பக்கத்து நாற்காலி. பெட்டி தள்ளுபடி செய்யும் மனுக்களை ஒரு மனிதர் இரண்டாவது தடவை பார்க்க வேண்டும் என்று விதி உண்டு. அந்த மனிதர் அவர்தான். பார்ப்பார், எங்களில் யாராவது ஒருவர் நாற்காலிக்கு வருவார், “இதக் கொஞ்சம் திரும்பப் பாருங்களேன்” என்று ஆரம்பிப்பார், பார்க்கும் வரை போகமாட்டார். தொண்டையில் புற்றுநோய் வந்து, குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். எட்டு மாசம் லீவு. திரும்பி வந்தபோது கையில் சின்ன டார்ச்சு லைட் மாதிரி ஒரு கருவி. அதைக் கழுத்தில் அழுத்திக்கொண்டு வாயசைத்தால் அது அதிரும், அந்த அதிர்வு வார்த்தையாக வெளியே வரும். ஏற்றம் இறக்கம் கிடையாது, ஒரே இரைச்சல். பழகினால் ஒவ்வொரு வார்த்தையும் புரியும்.

முதல் நாள் யாருக்கும் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் ‘வணக்கம்’ என்றார். கருவி ஒலித்தது. எல்லோரும் மேஜையைப் பார்த்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. “என்ன சார், பெரிய மிஷின் ஒண்ணு போதாதுன்னு நீங்க ஒரு சின்ன மிஷினக் கொண்டாந்துட்டீங்களா?” என்று கேட்டேன். அப்புறம் அவர் தோள் குலுங்கியது. சத்தமே வராமல் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அது பெரிய மிஷின், இவர் சின்ன மிஷின். ‘சின்ன மிஷின் டீ குடிச்சாச்சா’ என்று கேட்போம். அவரே போனில் மெசேஜ் அனுப்பும்போது கீழே ‘சி.மி.’ என்று கையெழுத்துப் போடுவார்.

ஆபீஸுக்கு வருவது அவருக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும். ஒரு நாள் டீ குடிக்கும்போது சொன்னார், வீட்டில் இருந்தால் நோயாளி, இங்கே வந்தால்தான் பிழைத்தவன் என்று. ஓய்வு பெற இன்னும் ஐந்து வருஷம் இருந்தது. ஆனால் நீண்ட மருத்துவ விடுப்பில் போய்த் திரும்பியவர்களைத் தொண்ணூறு நாள் பார்த்துவிட்டுத்தான் உறுதிப்படுத்துவார்கள். ‘சக ஊழியர்களுடன் பேச்சுத் தொடர்பு’ என்று அதில் ஒரு கட்டம் உண்டு. அவர் பயந்தது அந்தக் கட்டத்துக்குத்தான்.

பன்னிரண்டாவது மனுவுக்கு ஒரு வழியாகப் பதில் வந்தது. மிஷினை நகர்த்தமாட்டார்களாம், எங்கள் காதைச் சரிசெய்வார்களாம். சென்னையிலிருந்து பிரணவ் என்று ஒரு இன்ஜினீயர் வந்தார். காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ள ஒரு சின்ன வட்டம், ஸ்டிக்கர் பொட்டு அளவில். ஆகவே அது காதுப் பொட்டு. அந்தப் பெயரும் என் கைங்கரியம்தான்.

“இது காத அடைக்காது மேடம்,” என்றார் பிரணவ். “காதுல விழுந்தது மூளைக்குப் போற வழியில, எது வேண்டாமோ அத மட்டும் எடுத்துடும். பேச்சு கேக்கும், போன் மணி கேக்கும், காக்கா கத்துறது கேக்கும். எது வேண்டாம்னு மட்டும் நீங்க ஒரு தடவ சொல்லிக் குடுத்துட்டாப் போதும்.”

சொல்லிக் கொடுக்கும் முறை இதுதான். ஒரு நாள் முழுக்க எங்கள் மேஜைகளில் மைக் வைத்தார். மறுநாள் ஒரு டேப்லெட்டைக் கொடுத்துவிட்டு மேனேஜர் அறையில் காப்பி குடிக்கப் போனார். டேப்லெட் ஒவ்வொரு சத்தமாகப் போட்டுக் காட்டும், இது என்ன என்று கேட்கும், நாம் டைப் அடிக்க வேண்டும். அடித்துக்கொண்டே வந்தோம். கதவு. பிரிண்டர். பெரிய மிஷின். பர்வீன் இருமல். ஏழாவதோ எட்டாவதோ, ஞானப்பிரகாசம் சார் கருவி வைத்துக்கொண்டு யாரிடமோ ‘ஆமா ஆமா’ என்று சொன்ன துண்டு ஓடியது. எல்லோருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. ‘சின்ன மிஷின்’ என்று அடித்தேன். எனக்குப் பின்னால் வந்தவர்களும் அதையே அடித்தார்கள். கடைசியாக அவர் முறை. தன் குரலையே கேட்டுவிட்டு, எங்களைத் திரும்பிப் பார்த்து, கண்ணடித்து, ‘சின்ன மிஷின்’ என்று அடித்தார். பதினான்கு பேரும் ஒரே பதில். அந்தக் கருத்தொற்றுமை எங்கள் ஆபீஸ் சரித்திரத்தில் அதற்கு முன்னால் வந்ததில்லை.

திங்கட்கிழமை பொட்டு ஒட்டிக்கொண்டோம். தலை சுற்றியது. பத்து நிமிஷம் கண்ணை மூடி உட்காரச் சொன்னார்கள். கண்ணைத் திறந்தபோது மிஷினின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது, சத்தம் இல்லை. என்ன சொல்வது, சொர்க்கம். கீழே பல் ஆஸ்பத்திரியில் ஒரு குழந்தை அழுவது கேட்டது. என் வளையல் மேஜையில் படுவது கேட்டது. பர்வீன் வயிற்றில் கை வைத்துக்கொண்டு அழுதாள். ஐம்பது வயது ஆண்பிள்ளைகள் நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்து உட்கார்ந்திருந்தார்கள். நானும் அழுதேன். ஒன்றரை வருஷத்து வலி இறங்கினால் அழாமல் என்ன செய்வார்கள்.

ஞானப்பிரகாசம் சார் எழுந்து நின்று, கருவியைக் கழுத்தில் வைத்து என்னிடம் ஏதோ சொன்னார். வாய் அசைந்தது. பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைத்தேன். அவரும் அப்படித்தான் நினைத்தார், ஏனென்றால் அவர் காதுக்குப் பின்னாலும் பொட்டு இருந்தது, அவருக்கே அவர் பேச்சு கேட்கவில்லை. பேட்டரியை மாற்றினார். மறுபடி வாய் அசைந்தது. அப்புறம்தான் எனக்கு உறைத்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

பிரணவைக் கூப்பிட்டோம். அவர் லேப்டாப்பைத் திறந்து பார்த்தார், முகம் வெளுத்துவிட்டது. சின்ன மிஷின் என்பது ஏதோ பழைய ஸ்கேனர் என்று நினைத்தாராம். சரி, பட்டியலிலிருந்து அந்த ஒன்றை மட்டும் எடுத்துவிடுங்கள் என்றோம்.

“எடுக்கலாம் மேடம். ஆனா அது ரெண்டையும் சேத்து ஒரே சத்தமாக் கத்துக்கிட்டிருக்கு. ரெண்டும் மோட்டார் அதிர்வு. சின்னதத் திறந்துவிட்டா பெரிசும் கூடவே வந்துடும். முழுசா வராது, முக்கால்வாசி வரும்.”

அவரை மட்டும் குரல் என்று தனியாகச் சொல்லிக் கொடுக்க முடியாதா என்று கேட்டேன்.

“தொண்டையில பொறக்கிற சத்தத்தத்தான் அது குரல்னு நம்பும்,” என்றார் பிரணவ். பக்கத்தில் ஞானப்பிரகாசம் சார் நிற்பது அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது. “சாரி சார்,” என்றார். சார் பரவாயில்லை என்று கையைக் காட்டினார். பிரணவ் குரல் அவருக்கு நன்றாகவே கேட்டது.

பொட்டைக் கழற்றிவிட்டு அவர் பேச்சைக் கேட்பதில் எந்தத் தடையும் இல்லை. முதல் வாரம் எல்லோரும் அப்படித்தான் செய்தோம். அவர் வந்து நின்றால் பொட்டைப் பிய்த்துக் கையில் வைத்துக்கொள்வோம். ஆனால் அமைதியில் இருந்துவிட்டு அந்த இரைச்சலுக்குள் தலையை நீட்டுவது முன்பைவிடக் கொடுமை. மண்டையில் அடித்த மாதிரி இறங்கும். மறுபடி ஒட்டினால் பத்து நிமிஷம் தலைசுற்றல். ஒரு நாளைக்கு நான்கு தடவை கழற்றினால் நாற்பது நிமிஷம் போயிற்று. அதையும் கம்ப்யூட்டர் குறித்துக்கொண்டது. இரண்டாம் வாரம் அவர் உதட்டைப் பார்த்துத் தலையாட்டினோம். மூன்றாம் வாரம் ‘சாட்ல போடுங்க சார்’ என்று சொல்ல ஆரம்பித்தோம். நான்தான் கடைசி வரை கழற்றினேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். இல்லை. நிறுத்தியவர்களில் நான் ஐந்தாவது ஆள்.

புள்ளம்பாடியிலிருந்து பூவாயி என்று ஒரு அம்மாள் மனு. அட்டையில் அவர் இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. இறந்தவர் மனுக் கொடுக்க முடியாது என்று பெட்டி தள்ளுபடி செய்துவிட்டது. ஞானப்பிரகாசம் சார் அந்தக் காகிதத்தோடு என் நாற்காலிக்கு வந்து நின்றார். கருவியைக் கழுத்தில் வைத்துப் பேசினார், பேசினார். நான் அப்போதுதான் வேறொரு காரியத்துக்குப் பொட்டைக் கழற்றி ஒட்டித் தலைசுற்றலில் இருந்தேன். சாட்ல போடுங்க சார் என்றேன். போய்ப் போட்டார். நாலரை மணிக்குத்தான் அதைத் திறந்தேன். அதற்குள் அன்றைய தள்ளுபடிகளை மொத்தமாக மூடி அனுப்பிவிட்டேன். அவர் வந்து பார்த்தார். கோபப்படவில்லை. காகிதத்தை என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். உயிரோடு இருப்பதை நிரூபிக்க அந்த அம்மாள் இன்னொரு தடவை பஸ் ஏறி வர வேண்டும். அவர் அப்படிப் போகாமல் என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

அவருடைய தொண்ணூறில் எழுபதாவது நாள் மேனேஜர் எங்களைக் கூப்பிட்டார். கிருபாகரன் வில்லன் இல்லை. வில்லனாக இருக்கவும் கொஞ்சம் தைரியம் வேண்டும். பாருங்கள், ஞானப்பிரகாசத்தை எனக்கும் பிடிக்கும், ஆனால் பேச்சுத் தொடர்பு என்ற கட்டத்தில் நான் என்ன எழுதட்டும் என்று கேட்டார். பிறகு தானே ஒரு வழி சொன்னார். சின்ன மிஷினைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம், பெரிய மிஷின் முக்கால்வாசி திரும்பி வரும். வேண்டுமா வேண்டாமா என்று நீங்களே சீட்டு எழுதிப் போடுங்கள், அதிகம் எதுவோ அதன்படி செய்கிறேன் என்றார். அவர் அறைக்குள் இரைச்சல் வரப்போவதில்லை. அவருக்கென்ன.

வெள்ளிக்கிழமை நான்கு மணி டீக்குப் பிறகு சீட்டு. சார் வேண்டும் என்றால் ‘சார்’ என்று எழுத வேண்டும், இப்படியே இருக்கட்டும் என்றால் ‘அமைதி’. எண்ணுவது என் பொறுப்பு. காலையிலிருந்து ஆளாளுக்கு அவரிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு, கவலையே வேண்டாம் சார், நாங்கள் இருக்கிறோம் என்றார்கள். பர்வீன்கூட எழுந்து போய்ச் சொன்னாள். நானும் சொன்னேன். மூக்கு உறிஞ்சிக்கொண்டு சொன்னேன்.

காலி மைசூர்பாகு டப்பாவில் பதினான்கு சீட்டு விழுந்தது. ரெக்கார்டு ரூமுக்குள் எடுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தி ஒவ்வொன்றாகப் பிரித்தேன். அமைதி. அமைதி. அமைதி. ஏழாவது சீட்டில் என் கையெழுத்தே வந்தது. ஆமாம், நானும் அமைதிதான். பதிமூன்று பேர் அவருக்குப் போடப்போகிறார்கள், நான் ஒருத்தி போடாவிட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று நினைத்தேன். எல்லோரும் அதையேதான் நினைத்திருக்கிறார்கள். பத்து, பதினொன்று, பன்னிரண்டு, எல்லாம் அமைதி. கடைசிச் சீட்டைப் பிரித்தேன். பதினோரு வருஷம் பக்கத்து நாற்காலியில் பார்த்த கையெழுத்து. ‘தி’யின் மேல் வளைவை இரண்டு சுழி சுழித்து எழுதுவார். அதுவும் அமைதி.

எனக்குப் புரிந்தது. அவர் அப்படிப்பட்ட ஆள். பந்தியில் இலைமேல் கையைக் குறுக்கே வைத்து, போதும் போதும் என்பார். கையை விலக்கிவிட்டு இன்னொரு கரண்டி போடுவார்கள் என்று நம்பித்தான் சொல்வார். நாம் எல்லோருமே அப்படித்தானே. பசியோடு இருக்கிறவன்தான் அழுத்திப் போதும் என்பான். தனக்குத் தானே ஓட்டுப் போட்டுக்கொள்ள அவருக்குக் கூச்சமாக இருந்திருக்கும். மற்ற பதிமூன்று பேர் இருக்கிறார்கள் என்று நினைத்துக் கையைக் குறுக்கே வைத்திருக்கிறார்.

பதினான்கு பேரில் ஒருவர்கூட இல்லை என்று அந்த மனிதர் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? சீட்டுகளைச் சுக்குநூறாகக் கிழித்தேன். வெளியே வந்து, “அமைதி பதிமூணு, சார் ஒண்ணு” என்றேன். அந்த ஒன்றை நான் அவருக்காகச் சொன்னதாகத்தான் அப்போது நினைத்தேன். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அவர் எழுந்து எல்லோருக்கும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு உட்கார்ந்து வேலையைப் பார்த்தார்.

அடுத்து நடந்ததுதான் அசிங்கம். அந்த ஒன்றுக்கு அடிபிடி. திங்கட்கிழமை மத்தியானத்துக்குள் பர்வீன் என் காதில் வந்து, “அக்கா, அந்த ஒண்ணு நான்தான், சார்கிட்டயும் சொல்லிட்டேன்,” என்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொருவர், அப்புறம் இன்னொருவர். எல்லோரும் அவர் மேஜைக்குப் போனார்கள், குனிந்து காதோடு சொன்னார்கள், அவர் ஒவ்வொருவர் கையையும் தட்டிக்கொடுத்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அத்தனை பேரும் புளுகுகிறார்கள் என்று அந்த ஹாலில் எனக்கு மட்டும்தான் தெரியும். நான் போய்ச் சொல்லவில்லை. யோக்கியத்தனத்தால் இல்லை. இல்லாத சீட்டுக்குச் சொந்தம் கொண்டாட எனக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

தொண்ணூறு நாள் முடிந்த திங்கட்கிழமை மருத்துவ ஓய்வு என்று ஆர்டர் வந்தது. வெள்ளிக்கிழமை கடைசி நாள். ஆர்டர் கிடைத்த முப்பது நாளுக்குள் மாற்றுத்திறனாளிகள் ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்யலாம் என்று அதன் அடியில் பொடி எழுத்தில் இருந்தது. செய்வார் என்றுதான் நினைத்தேன். ஆணையம் விடாது, மிஷினைத் தனி அறைக்கு மாற்றச் சொல்லும், இவரை வேலையில் வைக்கச் சொல்லும். கிருபாகரன் அறையை இழப்பார். அதை நினைத்துச் சந்தோஷம்கூடப் பட்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், பூங்கொத்தும் பேச்சும் முடிந்த பிறகு, சார் என்னை மாடிப்படிக்கு வரச் சொல்லி ஜாடை காட்டினார். பொட்டைக் கழற்றிக்கொண்டு போனேன். படியில் மிஷின் இரைச்சல் கொஞ்சம்தான் கேட்கும். ஆறு வாரத்துக்குப் பிறகு அவர் குரலைக் கேட்டேன்.

“அந்த ஒண்ணு யாருன்னு எனக்குத் தெரியும் மேடம்,” என்றார்.

மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன்.

“பன்னெண்டு பேரும் வந்து நான்தான் நான்தான்னு சொல்லிட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் வரவேயில்ல. அதுலயே தெரிஞ்சுபோச்சு.”

வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டித் தடுத்தார்.

“நானே அமைதின்னுதான் எழுதினேன், தெரியுமா? மத்தவங்க போட்டுடுவாங்கன்னு இருந்தேன். முட்டாள்தனம்.” அவர் சிரித்தார், தோள் குலுங்கியது. அப்புறம் கருவியை மறுபடி கழுத்தில் வைத்தார். வக்கீல் மனுவைத் தயார் செய்து வைத்திருக்கிறார், நூற்றுக்கு நூறு ஜெயிக்கும் என்கிறார், மனைவி ஸ்டெல்லா தினமும் கையெழுத்துப் போடச் சொல்லிச் சண்டை போடுகிறாள் என்றார். “மனசு வரல மேடம். ஒருத்தர்கூட இல்லேன்னு இருந்தா அன்னிக்கே போட்டிருப்பேன். உங்கள மாதிரி ஒருத்தர் உக்காந்திருக்கிற எடத்து மேல எப்படிக் கேஸ் போடறது?”

ஒரே ஒரு வாக்கியம் போதும். அந்த ஒன்று பொய் சார், அப்படி யாரும் இல்லை. இதைச் சொன்னால் மனிதர் திங்கட்கிழமையே கையெழுத்துப் போட்டுவிடுவார், வேலை திரும்பக் கிடைக்கும், ஐந்து வருஷம் கௌரவமாக வந்துபோவார். எனக்கு என்ன ஆகும்? என் முகத்தில் காறித் துப்புவார். பன்னிரண்டு பேருக்கும் தெரிந்துவிடும். மிஷினைத் தனி அறைக்கு மாற்றி முடிக்கும் வரை அந்த இரைச்சல் திரும்ப வரும். இவ்வளவும் அந்தப் படியில் நின்று கணக்காக நினைத்தேன். இருபத்தாறு வருஷத்தில் என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை, அவர் பார்த்த மாதிரி. அதையும் விட மனசில்லை.

“உடம்பப் பாத்துக்குங்க சார்,” என்றேன்.

அவர் ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார். இன்னும் இருபத்தாறு நாள் இருந்தது.

நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று தினமும் நினைத்தேன். அவர் நம்பரைப் போனில் எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவேன். நடுவில் பர்வீனுக்குப் பெண் குழந்தை பிறந்தது, எல்லோரும் போய்ப் பார்த்தோம், அவரும் ஸ்டெல்லாவும் எங்களுக்கு முன்னாலேயே வந்துவிட்டுப் போயிருந்தார்கள். ஆபீஸில் அவர் நாற்காலிக்கு யாரையும் போடவில்லை. இரண்டாவது தடவை பார்க்க வேண்டிய மனுக்களை இப்போது மேனேஜரே பார்க்கிறார், ஒரு மணி நேரத்தில் இருநூறு பார்த்துவிடுகிறார். இருபது நாள், பத்து நாள், மூன்று நாள். முப்பதாவது நாள் போனைக் கையில் எடுக்கவே இல்லை. ஆணையம் மூடும் நேரம் ஐந்தரை. ஐந்தரை மணிக்கு நான் பஸ்ஸில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை பஸ் ஸ்டாப்பில் நின்று, பொட்டு ஒட்டாத காதோடு, அவருக்குப் போன் போட்டேன். என்ன மாதிரிப் பிறவி நான், பாருங்கள். இனிமேல் சொன்னால் யாருக்கும் எந்த லாபமும் இல்லை, எனக்கு எந்த நஷ்டமும் இல்லை என்று ஆன பிறகுதான் உண்மை வாயில் வந்தது. ஒரே மூச்சில் சொன்னேன். ஒரு சீட்டும் இல்லை சார், பதினான்கும் அமைதிதான், நானும் அமைதிதான், ஒன்று என்று நான் சொன்னது புளுகு சார். அழுதேன். பஸ் ஸ்டாப்பில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தப் பக்கம் கருவியை எடுத்துக் கழுத்தில் வைக்கும் சின்னச் சத்தம் கேட்டது.

“நேத்து சொல்லியிருக்கலாமே மேடம்,” என்றார்.

அந்தக் கருவிக்கு ஏற்றம் இறக்கம் கிடையாது. கோபமா, அழுகையா, வெறும் கேள்விதானா, எனக்குத் தெரியவில்லை. நான் பதில் யோசிப்பதற்குள் வைத்துவிட்டார். பஸ் வந்தது. ஒன்பதரைக்குள் போக வேண்டும், ஏறிக்கொண்டேன்.